ரெசிஸ்டருக்கு எந்த எச்.எஸ். எண்? இறக்குமதி செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் அறிக்கை, தயாரிப்பது என் வேலை. ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்கள், கோயம்புத்தூரில் கண்ட்ரோல் பேனல் கட்டுகிறவர்கள், கல்லூரிகளுக்கு லேப் சாமான் சப்ளை செய்கிறவர்கள் என்று பலரும் ரெசிஸ்டர் (மின்சுற்றில் வைக்கும் மின்தடை) வரவழைக்கிறார்கள். ஒரு பைசா, இரண்டு பைசாப் பொருள்தான். ஆனால் அதற்கு எந்த எண் போடுவது என்ற சந்தேகம் மட்டும் தீர்ந்தபாடில்லை. போனில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் உள்ளது இந்தியச் சுங்க வரி அட்டவணையின் கணக்கு.

எச்.எஸ். எண் என்றால் என்ன சார்? ஜி.எஸ்.டி. பில்லில் போடுகிற எச்.எஸ்.என்.னும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றேதான். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய பொருள் வகைப்பாடு இது. 1988 ஜனவரி முதல் உலக அளவில் நடைமுறையில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உட்தலைப்பு. இந்த ஆறு இலக்கம் வரை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் நாடு தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்கிறது. இந்தியாவில் மொத்தம் எட்டு இலக்கம்.

ஜி.எஸ்.டி.யில் உள்நாட்டு விற்பனைக்கு, உங்கள் ஆண்டு விற்றுவரவைப் பொறுத்து நான்கு இலக்கமோ ஆறு இலக்கமோ போதும். இறக்குமதிக்கு எட்டு இலக்கமும் வேண்டும். “என் விற்பனை பில்லில் 8533 என்றுதானே போடுகிறேன், அதையே போடுங்கள்” என்று சொல்கிறவர்களுக்கு அங்கேதான் இடிக்கிறது.

ரெசிஸ்டர் என்றால் 8533. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

8533 என்ற தலைப்பின் வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “மின்தடைகள், ரியோஸ்டாட்டும் பொடென்ஷியோமீட்டரும் உட்பட, சூடாக்கும் மின்தடைகள் நீங்கலாக.” அந்த “நீங்கலாக” என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகள் அதிலிருந்துதான் முளைக்கின்றன.

உள்ளே போனால், 8533 10 நிலையான கார்பன் ரெசிஸ்டர். மற்ற நிலையான ரெசிஸ்டர்களில் 20 வாட் வரைக்கும் 8533 21, அதைத் தாண்டினால் 8533 29. கம்பி சுற்றிய மாறுதடைகளில் 20 வாட் வரை 8533 31, மேலே 8533 39. கம்பி சுற்றாத மற்ற மாறுதடைகள் 8533 40. உதிரிபாகங்கள் 8533 90. ஆக மூன்று விஷயம் தெரிந்தால் ஆறு இலக்கம் வரை வந்துவிடலாம்: தடையின் மதிப்பு மாறுமா மாறாதா, எதனால் செய்தது, எத்தனை வாட். எத்தனை ஓம் என்பதற்கு இந்த அட்டவணையில் எந்த வேலையும் இல்லை. ஆனால் எனக்கு வரும் இன்வாய்ஸ்களில் பெரும்பாலும் ஓம் மட்டும்தான் எழுதியிருக்கிறது!

வரி எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?

8533-க்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. கம்ப்யூட்டர், செமிகண்டக்டரோடு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அதன் வரியில்லாப் பட்டியலில் உண்டு. சமூக நலக் கூடுதல் தீர்வை என்பது அடிப்படை வரியின்மீது 10 சதவீதம். அடிப்படை வரியே இல்லாதபோது அதுவும் இல்லை. மிஞ்சுவது இறக்குமதிக்கும் போடும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பதிவு பெற்ற வியாபாரியாக இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

அடிப்படை வரியே இல்லை என்கிறீர்கள். பிறகு எண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

8533-க்கு உள்ளேயே எண் மாறினால் பணம் மாறாது, உண்மைதான். 8533-ஐ விட்டு வெளியே போனால் மாறும். சூடாக்கும் மின்தடை 8516, சர்ஜ் பாதுகாப்புச் சாதனம் 8535 அல்லது 8536. இவை அந்த வரிவிலக்கோடு வருபவை அல்ல.

ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள சரக்கு என்று வைத்துக்கொள்வோம். 8533-இல் போனால் ஐ.ஜி.எஸ்.டி. 18,000 ரூபாயோடு முடிந்தது. அதையே அதிகாரி அடிப்படை வரி உள்ள வேறு தலைப்புக்கு மாற்றினால், கணக்குக்காக 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால், அடிப்படை வரி 10,000, கூடுதல் தீர்வை 1,000, பிறகு 1,11,000-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 19,980. மொத்தம் 30,980 ரூபாய். இதில் 11,000 ரூபாய்க்குக் கிரெடிட் கிடையாது. அது நேராக உங்கள் அடக்க விலையில் ஏறும். எந்தத் தலைப்புக்கு எத்தனை சதவீதம் என்பது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், பில் போடும் அன்றைக்கு உள்ள அறிவிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது நாள் கணக்கு. அதிகாரிக்குச் சந்தேகம் வந்து கேள்வி எழுப்பினால் சரக்கு கிடங்கிலேயே கிடக்கும். ஆயிரம் ரூபாய் ரீல் ஒன்றுக்காக ஒரு தொழிற்சாலையின் லைன் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கார்பன் ஃபிலிமும் மெட்டல் ஃபிலிமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. ரெண்டுக்கும் 8533 10 போடலாமா?

கூடாது. எனக்குத் தெரிந்து மிக அதிகமாக நடக்கும் தவறு இது. 8533 10-இன் வாசகத்தில் கார்பன் கலவை வகை, ஃபிலிம் வகை என்று இரண்டும் வருகின்றன. அந்த “ஃபிலிம்” என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லா ஃபிலிம் ரெசிஸ்டரையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். அது கார்பனுக்குள் வரும் ஃபிலிம் மட்டுமே. பீங்கான் குச்சியின்மேல் கார்பன் படலம் இருந்தால் 8533 10. நிக்கல் குரோமியம் போன்ற உலோகப் படலமோ உலோக ஆக்சைடு படலமோ இருந்தால் 8533 21. 20 வாட்டைத் தாண்டினால் 8533 29.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்பார்கள். வெளிர் பழுப்பு உடம்பு கார்பன், நீலம் மெட்டல் ஃபிலிம் என்பது கடைத்தெருப் பழக்கம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. நான்கு பட்டையும் 5 சதவீத டாலரன்ஸும் இருந்தால் கார்பனாக இருக்கக்கூடும், ஐந்து பட்டையும் 1 சதவீதமும் இருந்தால் மெட்டல் ஃபிலிமாக இருக்கக்கூடும். இதெல்லாம் ஊகத்துக்கு உதவும், அதிகாரி முன்னால் ஆதாரமாக நிற்காது. டேட்டாஷீட்டில் தடைப்பொருள் என்ன என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரி போதும்.

சர்க்யூட் பலகையின் மேலேயே ஒட்டும் எஸ்.எம்.டி. சிப் ரெசிஸ்டர் ரீல் ரீலாக வருகிறது. அதில் கம்பியும் இல்லை, கார்பனும் இல்லை. எதில் போடுவது?

வழக்கமான திக் ஃபிலிம் சிப்பில் அலுமினாத் துண்டின்மேல் ருத்தேனியம் ஆக்சைடு கலந்த பசையை அச்சிட்டுச் சுட்டு, லேசரால் கீறி மதிப்பைச் சரிசெய்கிறார்கள். கார்பன் இல்லை என்பதால் 8533 10 அடிபட்டுப் போகிறது. 0603 அளவுச் சிப் பொதுவாக 0.1 வாட், 0805 பொதுவாக 0.125 வாட். எனவே 8533 21. அச்சிட்டுச் செய்ததால் அச்சுச் சுற்றுக்கான 8534-க்குப் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். தனித்தனி ரெசிஸ்டர்கள் அச்சுச் சுற்று ஆகாது என்று 85ஆம் அத்தியாயத்தின் 8ஆம் குறிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது.

சிக்கல் எட்டு இலக்கத்தில் இருக்கிறது. நம் அட்டவணை 8533 21-ஐ “வெறும் கம்பி”, “காப்பிட்ட கம்பி” என்றும், ஒவ்வொன்றையும் “நிக்ரோம்”, “மற்றவை” என்றும் பிரிக்கிறது. கம்பி சுற்றிய ரெசிஸ்டரை மனதில் வைத்துப் போட்ட பிரிவு அது. ஃபிலிமுக்கு அதில் இயல்பான இடம் இல்லை. நடைமுறையில் “மற்றவை” என்று முடியும் 8533 21 19 அல்லது 8533 21 29-இல் அறிவிக்கிறார்கள். எதைப் பிடித்தாலும் வரி ஒன்றே. ஒரே பொருளுக்கு ஒருமுறை ஒன்று, மறுமுறை வேறொன்று என்று போடாதீர்கள். விவரப் பகுதியில் “திக் ஃபிலிம் சிப் ரெசிஸ்டர், 0.1 வாட்” என்று முழுசாக எழுதுங்கள்.

20 வாட் என்பது நான் சர்க்யூட்டில் உபயோகிக்கிற வாட்டா, ரெசிஸ்டர் தாங்குகிற வாட்டா?

தாங்குகிற வாட். 50 வாட் ரெசிஸ்டரை வாங்கி 5 வாட்டில் ஓட்டினாலும் அது 8533 29 தான்.

அலுமினியக் கூட்டுக்குள் வரும் ரெசிஸ்டரில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அதற்கு ஹீட்சிங்கில் பொருத்தினால் ஒரு வாட், பொருத்தாவிட்டால் அதைவிடக் குறைவான ஒரு வாட் என்று டேட்டாஷீட்டில் இரண்டு எண் இருக்கும். தயாரிப்பாளர் பெயரளவு மதிப்பாக எதைத் தலைப்பில் போட்டிருக்கிறாரோ, உடம்பில் எதை அச்சடித்திருக்கிறாரோ, அதையே நான் எடுக்கிறேன். சரியாக 20 வாட் என்றால் 8533 21 தான், ஏனென்றால் வாசகம் “20 வாட்டுக்கு மிகாத” என்கிறது.

வால்யூம் கண்ட்ரோல் பாட், பிரீசெட், பழைய ரியோஸ்டாட் எல்லாம் ஒன்றா?

மூன்றும் மாறுதடைதான். பாட் என்பது பொடென்ஷியோமீட்டரின் சுருக்கம். உள்ளே கம்பி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஆடியோ சாமான்களில் வரும் கார்பன் தடப் பாட், செர்மெட் (பீங்கானும் உலோகமும் கலந்த பொருள்) பிரீசெட், மிக்ஸரில் மேலும் கீழும் நகர்த்தும் ஸ்லைடர் எல்லாம் கம்பி இல்லாதவை. அவை 8533 40, அதில் பொடென்ஷியோமீட்டருக்கு 8533 40 10. இங்கே வாட் பிரிவு கிடையாது. பீங்கான் வளையத்திலோ குழாயிலோ கம்பி சுற்றிய ரியோஸ்டாட் 20 வாட் வரை 8533 31 20, மேலே 8533 39 20. பள்ளி லேபில் நீளமாக, மேலே கைப்பிடி நகரும்படி இருக்குமே, அது பெரும்பாலும் 20 வாட்டைத் தாண்டும்.

காலேஜ் பிசிக்ஸ் லேபுக்குப் பொடென்ஷியோமீட்டர் ஆர்டர் வந்திருக்கிறது. அதுவும் 8533 தானே?

பெயர் ஒன்று, பொருள் வேறு. மின்னியக்கு விசையை அளப்பதற்கான முழுக் கருவியாக வந்தால் அது அளவைக் கருவி, 9030. 8533-இல் வருவது சர்க்யூட்டில் பொருத்தும் மூன்று கால் உறுப்பு. ஆனால் அதே லேபுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் 8533-லேயே இருக்கும். ஒப்பீட்டுக்கான திட்ட மின்தடைகளும், பல தடைகளைச் சுவிட்சோடு ஒரே பெட்டியில் அடக்கிய ரெசிஸ்டன்ஸ் பாக்ஸும் 8533-க்கு உரியவை என்று உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் பெயர் சொல்லியே சேர்க்கின்றன. இரண்டும் ஒரே இன்வாய்ஸில் வந்தால் தனித்தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.

கீசர் ஹீட்டர் காயிலும் ரெசிஸ்டர்தானே? அதை ஏன் 8533-இல் விடமாட்டேன் என்கிறார்கள்?

முன்பே சொன்ன அந்த “நீங்கலாக” என்ற சொல்தான் காரணம். வெப்பம் தருவதற்காகவே செய்த மின்தடை 8516 80. எந்த இயந்திரத்துக்குள் போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. கீசர் காயில், தொழிற்சாலை அடுப்பின் எலெமென்ட், சால்டரிங் அயர்னின் எலெமென்ட் எல்லாம் அங்கேதான். அந்தச் சூடாக்கும் மின்தடை கார்பனால் ஆனதாக இருந்தால் மட்டும் 8545.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரணக் காப்புச் சட்டமும் மின் இணைப்பும் தவிர வேறு பாகங்களும் சேர்ந்து வந்தால், அது வெறும் எலெமென்ட் அல்ல, அந்தந்த இயந்திரத்தின் உதிரிபாகம். இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு எலெமென்ட்டோடு வந்தால் 8516 80-இலிருந்து நகர்ந்து 8516 90-க்குப் போகும்.

மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.க்கான பிரேக்கிங் ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அப்போது அது ஹீட்டிங் ரெசிஸ்டர்தானே?

இல்லை. சுடுவது வேறு, சூடாக்குவதற்காக இருப்பது வேறு. மோட்டார் வேகம் குறையும்போது திரும்பி வரும் ஆற்றலை வாங்கித் தீர்ப்பது பிரேக்கிங் ரெசிஸ்டரின் வேலை. அங்கே வெப்பம் வெளியே தள்ள வேண்டிய கழிவு. ஹீட்டரில் வெப்பம்தான் நாம் காசு கொடுத்து வாங்கும் பயன். எனவே பிரேக்கிங் ரெசிஸ்டர் 8533 29. ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மருக்கான நியூட்ரல் கிரவுண்டிங் ரெசிஸ்டருக்கும் இதே வாதம்தான்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு இந்தப் பொருள் வந்தபோது, வெளிநாட்டு சப்ளையர் இன்வாய்ஸில் “ஹீட்டர் ரெசிஸ்டர் யூனிட்” என்று எழுதிவிட்டார். அதிகாரி 8516 என்றார். அந்தச் சொற்களை மட்டும் படித்தால் அவர் சொன்னதில் தவறில்லை. டேட்டாஷீட், வி.எஃப்.டி. கையேட்டில் இணைப்பு வரைபடம் இருக்கும் பக்கம், சப்ளையரின் திருத்தக் கடிதம் மூன்றும் கொடுத்த பிறகுதான் 8533-இல் விட்டார்கள். அதற்குள் ஒன்பது நாள் கிடங்கு வாடகை. அன்றிலிருந்து என் வாடிக்கையாளர்களுக்கு இன்வாய்ஸின் சொற்களை ஆர்டர் கொடுக்கும்போதே நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நிக்ரோம் கம்பிச் சுருளாக வாங்கி இங்கே நாமே ரெசிஸ்டர் சுற்றுகிறோம். கம்பிக்கு எந்த எண்?

கம்பி கம்பிதான். நிக்கல் மிகுந்த கலவைக் கம்பி என்றால் 7505 22. 8533 ஆகாது. ஹீட்டருக்கு வாங்கினாலும் இதே கதைதான். அளவுக்கு வெட்டி, சுருட்டி அல்லது வளைத்து, “இது ஹீட்டர் எலெமென்ட்” என்று பார்த்ததும் தெரியும் வடிவத்துக்கு வந்த பிறகே 8516 80.

சுற்றுவதற்கான பீங்கான் குச்சி, மூடி எல்லாம் 8533 90-இல் வருமா?

ரெசிஸ்டருக்கென்றே செய்த உலோக மூடி வரும். முழுக்க முழுக்கக் காப்புப் பொருளால் ஆன பீங்கான் பாகத்துக்கு 8547 10 என்று தனி இடம் இருப்பதால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

தெர்மிஸ்டர், எம்.ஓ.வி., எல்.டி.ஆர். மூன்றையும் ஒரே டப்பாவில் “சென்சார் ரெசிஸ்டர்” என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய?

பிரித்து மூன்று வரியாகப் போட வேண்டும். தெர்மிஸ்டர், வெப்பத்தால் தடை குறைவதானாலும் கூடுவதானாலும், 8533 40 30. நம் அட்டவணை அதைப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. எம்.ஓ.வி. மின்னழுத்தத்துக்கேற்பத் தடை மாறும் வேரிஸ்டர். அது 8533 40 90.

ஒளிக்கேற்பத் தடை மாறும் எல்.டி.ஆர். பெயரிலேயே ரெசிஸ்டர் என்று இருக்கிறது, ஆனாலும் 8533 இல்லை. ஒளியுணர் குறைகடத்திச் சாதனங்களோடு 8541-க்குப் போகிறது, 2022 பதிப்பில் 8541 49. 8541-க்கும் 8542-க்கும் 85ஆம் அத்தியாயத்தின் 12ஆம் குறிப்பு முன்னுரிமை கொடுக்கிறது. வேரிஸ்டர் டயோடும் இதே காரணத்தால் 8541. எம்.ஓ.வி.யையே கூடு, டெர்மினல், துண்டிப்பான் எல்லாம் வைத்துச் சர்ஜ் பாதுகாப்புச் சாதனமாகக் கட்டி வந்தால் அது ரெசிஸ்டராக இருப்பதை விட்டுவிடுகிறது: 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்டதற்கு 8535 40, அதற்குள் 8536 30.

சூடு ஏற ஏறத் தடை கூடும் பி.டி.சி. ஹீட்டர் கல்? அதுவும் தெர்மிஸ்டர் பொருள்தானே?

பொருள் அதுவே, வேலை வேறு. காற்றையோ தண்ணீரையோ சூடாக்கத்தான் வருகிறது என்றால் 8516. பிரேக்கிங் ரெசிஸ்டருக்குச் சொன்னதன் மறுபக்கம் இது.

தெர்மிஸ்டர் முனையை உலோக உறைக்குள் வைத்து, ஒயரும் கனெக்டரும் போட்டு ஃபிரிட்ஜ் சென்சாராக வருகிறது. இன்னும் 8533 40 30 தானா?

இங்கே இரண்டு பக்கமும் வாதம் உண்டு. வெறும் மணியும் இரண்டு காலும் மட்டும் என்றால் சந்தேகமே இல்லை. உறை, கேபிள், கனெக்டர் எல்லாம் சேர்ந்து வெப்பநிலை அளக்கத் தயாராக இருந்தால், மின்தடை வெப்பமானிகள் இருக்கும் 9025-ஐ அதிகாரி காட்டுவார். “தானாக வெப்பநிலையைக் காட்டுவதில்லை, வெறும் ஓம்தான் தருகிறது” என்பது இறக்குமதியாளர் தரப்பு. தொடர்ந்து வரவழைக்கும் பொருள் என்றால் இதில் ரிஸ்க் எடுக்காதீர்கள். கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கும் வழியில் போங்கள்.

காருக்கான புளோயர் ரெசிஸ்டர் வாங்குகிறோம். கார் பார்ட்ஸ் என்று 8708-இல் போடச் சொல்கிறார் கடைக்காரர்.

வேண்டாம். 85ஆம் அத்தியாயத்தின் மின் பொருள்கள் வாகன உதிரிபாகம் ஆகாது என்று வரி அட்டவணையின் 17ஆம் பிரிவின் 2ஆம் குறிப்பு விலக்குகிறது. எந்தக் காருக்கு என்று மாடல் எண்ணே அச்சடித்திருந்தாலும் 8533 தான். மற்ற இயந்திரங்களுக்கும் இப்படியே: 16ஆம் பிரிவின் 2(அ) குறிப்புப்படி, 84, 85ஆம் அத்தியாயங்களில் தனக்கென்று தலைப்பு உள்ள பாகம் அந்தத் தலைப்புக்கே போகும். “இது நம்ம மிஷினுக்கென்றே செய்தது” என்ற வாதம் ரெசிஸ்டருக்குச் செல்லாது. சமயத்தில் இது உங்களுக்கு லாபமாகவே முடியும்.

ஒன்பது கால் ரெசிஸ்டர் நெட்வொர்க் இருக்கிறதே, அது ஒரு ரெசிஸ்டரா, எட்டு ரெசிஸ்டரா?

எத்தனை என்பது இங்கே பிரச்சினை இல்லை, அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதே. முன்பு சொன்ன 85ஆம் அத்தியாயத்தின் 8ஆம் குறிப்பை முழுதாகப் படியுங்கள். காப்புத் தகட்டில் அச்சிட்டு, முன்பே தீர்மானித்த அமைப்பில் இணைத்த ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் போன்றவை அச்சுச் சுற்று. அதில் அச்சிடாத இணைப்புக் கால்கள் பொருத்தியிருந்தாலும் பரவாயில்லை. தனித்த ரெசிஸ்டர் மட்டும் அதில் சேராது. ஒரு பொதுக் காலோடு எட்டுத் தடைகள் அச்சிட்டு வரும் நெட்வொர்க்கை அந்தச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் 8534 பக்கம் சாய்கிறது என்பது என் வாசிப்பு. 8534-க்கும் அடிப்படை வரி இல்லை என்பதால் இந்தச் சண்டையில் பணம் இல்லை. அதே தகட்டில் அதே தயாரிப்பு முறையில் டிரான்சிஸ்டர் போன்ற செயல்படு உறுப்பும் உருவாகியிருந்தால் 8542.

டிஜிட்டல் பாட் என்று ஒன்று வருகிறதே?

அது ஐ.சி. 8542. நகரும் முள்ளுக்குப் பதிலாக ஒரே சிலிக்கான் துண்டில் சுவிட்சுகள் இருக்கின்றன. இன்வாய்ஸில் “டிஜிட்டல் பொடென்ஷியோமீட்டர்” என்று மட்டும் எழுதினால் 8533 40 10-க்கு இழுத்துக்கொண்டு போகும். கூடவே “ஒருங்கிணைந்த சுற்று” என்றும் எழுதச் சொல்லுங்கள்.

600 ரெசிஸ்டர் கொண்ட கலவை கிட் விற்கிறேன். பல மதிப்பு இருக்கிறது. எப்படிப் போடுவது?

ஓம் மதிப்பு கணக்கில் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். எல்லாமே கால் வாட் கார்பன் ஃபிலிம் என்றால் 600 பீஸும் 8533 10 00, ஒரே வரி. கார்பனும் மெட்டல் ஃபிலிமும் கலந்திருந்தால் தனித்தனி வரியாகப் போடுவதே பாதுகாப்பு.

பிரெட்போர்டு, எல்.இ.டி., கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், ஒயர் எல்லாம் ஒரே பெட்டியில் மாணவர் கிட்டாக வந்தால் பொது விளக்க விதி 3(ஆ) வரும். ஒரு குறிப்பிட்ட தேவைக்காக ஒன்று சேர்த்து, அப்படியே சில்லறையில் விற்கும்படி கட்டியிருக்க வேண்டும். முக்கியத் தன்மையைத் தருவது எது என்று பார்த்து அந்த எண்ணுக்குப் போக வேண்டும். எண்ணிக்கையில் அதிகம் என்பதற்காக ரெசிஸ்டரின் எண்ணை முழுப் பெட்டிக்கும் போட்டால், வரி உள்ள மற்ற பொருள்களை மறைத்ததாகப் பேச்சு வரும்.

சப்ளையர் இன்வாய்ஸில் வேறு எச்.எஸ். எண் இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

அவர் ஏற்றுமதி நாட்டு எண்ணைப் போட்டிருப்பார். முதல் ஆறு இலக்கத்தை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், மீதி இலக்கங்களுக்கு இங்கே அர்த்தம் இல்லை. 2011 முதல் நம் சட்டத்தில் சுயமதிப்பீடு. சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி வகைப்படுத்தும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. “சப்ளையர் சொன்னார்”, “புரோக்கர் போட்டார்” என்பவை பதிலாக நிற்காது. அதனால்தான் டேட்டாஷீட் இல்லாமல் நான் பில் போடுவதில்லை.

தப்பான எண்ணில் சரக்கை எடுத்துவிட்டேன். இப்போது தெரிய வருகிறது. சும்மா இருந்துவிடலாமா?

இருக்காதீர்கள். குறைவாகக் கட்டிய வரியைச் சாதாரணமாக இரண்டு ஆண்டு வரை, வேண்டுமென்றே மறைத்ததாகக் கண்டால் ஐந்து ஆண்டு வரை சுங்க அதிகாரிகள் அதே சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ்க் கேட்கலாம், வட்டியோடு. நீங்களாக முன்வந்து வித்தியாசத்தை வட்டியோடு கட்டுவதற்கும், அவர்கள் பிடித்த பிறகு கட்டுவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்த 149ஆம் பிரிவு இருக்கிறது. சரக்கை எடுத்த பிறகு தாமாகத் திருத்திக்கொள்ள 2025 நிதிச் சட்டம் 18ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. வரி வித்தியாசமே இல்லாத தவறு, உதாரணமாக 8533 21-க்குப் பதில் 8533 10 என்று போட்டது, இருந்தால் அடுத்த பில்லிலிருந்து சரியாகப் போடுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதற்கு ஒரு குறிப்பு உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.

எங்கள் பொருள் இந்தக் கேள்விகள் எதிலும் அடங்கவில்லை. முன்கூட்டியே அரசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. சுங்க முன்தீர்ப்பு ஆணையம் மும்பையிலும் டெல்லியிலும் இயங்குகிறது. இறக்குமதிக்கு முன்பே 28எச் பிரிவின் கீழ் விண்ணப்பித்து, “இந்தப் பொருள் எந்தத் தலைப்பு” என்று கேட்கலாம். கிடைக்கும் தீர்ப்பு விண்ணப்பித்தவரையும், அந்தப் பொருளைப் பொறுத்தவரை சுங்க அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். சட்டமோ விவரங்களோ இடையில் மாறாவிட்டால் சட்டம் சொல்லும் காலம் வரை அது செல்லும். ஒருமுறை மட்டும் வரும் சிறு சரக்குக்கு இது தேவைப்படாது. மேலே சொன்ன ஃபிரிட்ஜ் சென்சார் போல மாதாமாதம் வரும் பொருளுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

சரக்கு ஏற்கெனவே வந்து நிற்கிறது என்றால் 18ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரம் கொடுத்து, தேவைப்பட்டால் உத்தரவாதமும் வைத்து சரக்கை எடுக்கலாம். எதற்குப் போனாலும் இவற்றைக் கையில் வைத்திருங்கள்: தடைப்பொருளும் வாட்டும் தெரியும் டேட்டாஷீட், பொருள் எங்கே பொருத்தப்படுகிறது என்று காட்டும் சர்க்யூட் படம், முடிந்தால் பிரித்துக் காட்ட ஒரு சாம்பிள்.